சிஸ்டரிட்டக் கேளுங்க: "அந்த ஐயாட்ட நான் பொய் சொல்லிட்டன்"

சீனி வருத்தக்காரர்ர கால் புண்ணப் பத்தி இந்த மாசம் எழுதுறன் எண்டு போன இதழ்ல சொல்லியிருந்தன், மன்னிச்சுக்கொள்ளுங்க, அது அடுத்த மாசம். ஏனெண்டா இந்த முறை வந்த கடிதத்துல நாலு கடிதம் ஒண்டுக்கொண்டு சொந்தக்காரர் மாதிரி இரிக்கு. ரெண்டு மிஸ்ஸிமார் (தாதிமார்), ஒரு மிஸ்ஸிட புருசன், மிஸ்ஸியாகப் போற ஒரு புள்ள. நான் 32 வருசம் வாட்டில நிண்டு சிஸ்டரா பென்சன் எடுத்தவள், இப்ப கல்லடியில பேரப்புள்ளையோட வீட்டுல இரிக்கன், ஆனாலும் இதுகளப் படிக்கக்குள்ள திரும்பவும் யூனிபோம் போட்ட மாதிரித்தான் கிடந்திச்சு. பேர், ஊர், வாட் எல்லாம் வேணுமெண்டே எடுத்திட்டன், ஆர் எண்டு தேடாதீங்க.

கேள்வி: அன்புள்ள சிஸ்டர், நான் ட்ரெயினிங் முடிச்சு இது மூணாவது வருசம், மட்டக்களப்பு மாவட்டத்துல ஒரு மெடிகல் வாட்டில இரிக்கன். எங்கட வாட்டுக்கு படுவான்கரைப் பக்கத்துல இருந்து ஒரு ஐயா வந்தார், எழுபது தாண்டின வயல்காரர். கேன்சர் ஈரலுக்குப் பரவிட்டு. புள்ளையள் எல்லாரும் வந்து "அப்பாட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க மிஸ்" எண்டு கும்பிடாத குறை, டொக்டர்மாரும் சரி எண்டுட்டாங்க. ஒரு நைட் டியூட்டி, 40 பேருக்கு மேல, நாங்க ரெண்டு பேர். ராவு 2 மணி இரிக்கும், அவர் என்ட கையப் புடிச்சிட்டு "புள்ள, உண்மையச் சொல்லு, நான் வீட்ட போவனா? போக மாட்டன் எண்டா எனக்கு வயல் அலுவல் கிடக்கு, தம்பியோட பதினொரு வருசமா கதை பேச்சில்ல, அதையும் முடிக்கணும்" எண்டார். நான் "ஒண்டுமில்ல ஐயா, ஈரல்ல சின்னப் புண், மருந்துக்கு மாறிரும்" எண்டு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டன். அஞ்சாறு நாள்ல நினைவு தப்பிட்டு. அதுக்குப் பிறகும் தினம் ரத்தம் எடுக்கச் சொல்லி இருந்திச்சு, நரம்பு கிடைக்காம நாலு தரம் குத்தினது நான்தான். தம்பிக்காரர் செத்த வீட்டுக்குத்தான் வந்தாராம். இப்ப எனக்கு அந்தக் கட்டில்ல வேற ஆள் படுத்திருந்தாலும் அவர்தான் தெரியிறார். லீவு எடுத்து ஒரு கிழமை வீட்டுல இருந்து பாத்தன், ஒண்டும் மாறல்ல. நான் இந்த வேலைக்குச் சரிவர மாட்டனா?

பதில்: மகள், முதல்ல ஒண்டு சொல்லுறன். பொய் சொல்லிட்டன் எண்டு நீங்களே எழுதியிரிக்கீங்க, நான் அத இல்ல, அது பொய்யில்ல, ஆறுதல் எண்டு மழுப்பி விட மாட்டன். பொய்தான். அப்பிடி மழுப்பி விட்டா உங்கட மனசு என்னய நம்பாது, அதுக்கு நல்லாத் தெரியும் என்ன நடந்த எண்டு.

லீவு எடுத்தும் மாறாததுக்குக் காரணம் இரிக்கு. களைப்பு எண்டா படுத்தா மாறும். இது களைப்பில்ல. இதுக்கு மோரல் டிஸ்ட்ரெஸ் எண்டு பேர் வைச்சவர் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் எண்டு ஒரு அமெரிக்கக்காரர், 1984ல, தாதிமாருக்கு ஒழுக்கவியல் படிப்பிச்ச தத்துவ ஆள். அவர் சொன்னது இதான்: எது சரி எண்டு தெரியும், ஆனா இடமும் சட்டதிட்டமும் மேல இருக்கிற ஆக்களும் செய்ய விடாத நேரத்துல வாற நோவு. எது சரி எண்டே தெரியாம ரெண்டுக்கும் நடுவுல நிண்டு முழிக்கிறது வேற சாமான், அதுக்குத் தர்மசங்கடம் எண்டு எங்கட பாசையிலயே சொல் இரிக்கு. இதுக்கு இல்ல. நான் மனச்சாட்சி நோவு எண்டு சொல்லிக்கொள்ளுற. உங்களுக்கு அண்டு ராவு 2 மணிக்கு எது சரி எண்டு தெரியாம இருக்கல்ல. தெரிஞ்சதாலதான் அடுத்த கட்டிலுக்கு அவ்வளவு கெதியாப் போனீங்க.

1993ல அவரே இத ரெண்டாப் பிரிச்சார். அந்த நேரம் வாற கோபமும் இயலாமையும் ஒண்டு. அதப் பத்தி ஒண்டும் செய்யாம விட்ட பிறகு வந்து குந்திக்கொள்ளுறது ரெண்டாவது. உங்களுக்கு இப்ப இருக்கிறது ரெண்டாவது. 2009ல எலிசபெத் எப்ஸ்டீன், ஆன் ஹாம்ரிக் எண்டு ரெண்டு பேர், அவங்களும் தாதித் துறை ஆக்கள், இன்னொண்டு எழுதினாங்க: ஒரு சம்பவம் முடிஞ்ச உடனே இந்த நோவு பூச்சியத்துக்கு இறங்கிறல்ல, கொஞ்சம் மிச்சம் நிக்கும், அடுத்தது வரக்குள்ள அந்த மிச்சத்துக்கு மேல இருந்துதான் ஏறும். கிணத்துத் தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தலுக்குள்ள பாத்திருப்பீங்க, அடியில வெள்ளையாப் படியும், ஒவ்வொரு நாளும் பாத்தா தெரியாது, ஒரு வருசம் விட்டா கரண்டியால சுரண்டினாலும் போகாது. மூணு வருசத்துல உங்களுக்கு இது முதலாவது ஐயாவா இருக்காது எண்டு நினைக்கன். மத்ததுகள எழுதல்ல, அவ்வளவுதான்.

சரி, அண்டு ராவு என்ன செய்திருக்கலாம். இத நான் உங்களக் குத்திக் காட்டுறதுக்குச் சொல்லல்ல, அடுத்த ஐயா வருவார், அதுக்குத்தான்.

நோய் இன்னது எண்டு நீங்க ராவு 2 மணிக்குத் தனிய நிண்டு சொல்லியிருக்கவும் கூடாது. அது டொக்டர்ர வேலை, சொன்னா பிறகு பக்கத்துல ஆள் இருந்து தாங்கணும், உங்களுக்கு மத்த 40 பேரும் கிடக்காங்க. ஆனா முழு உண்மைக்கும் பொய்க்கும் நடுவுல ஒரு பெரிய வெளி இரிக்கு மகள், எங்கட ட்ரெயினிங்ல அதக் காட்டித் தாறல்ல. "ஏன் ஐயா அப்பிடிக் கேக்கிறீங்க, மனசுல என்ன ஓடுது?" எண்டு கேக்கலாம். "இத நான் சொல்ல ஏலா ஐயா, ஆனா நீங்க கேட்டது எண்டு காலையில டொக்டரிட்டச் சொல்லுறன்" எண்டு சொல்லலாம். சொல்லிட்டு டிக்கட்ல, அதான் நோயாளிட குறிப்புத்தாள்ல, அவர் சொன்னத அவர்ர வாயால வந்தபடியே எழுதி வைக்கலாம், "நான் வீட்ட போவனா எண்டு நோயாளி கேட்டார், வயல் அலுவல் முடிக்க வேணும் எண்டார்", நேரம் போட்டு. அபிப்பிராயம் ஒண்டும் எழுத வேணா. எழுதின பிறகு அது உங்கட தலைக்குள்ள மட்டும் கிடக்கிற சாமானில்ல, காலையில ரவுண்ட்ஸ் வாற ஒவ்வொரு ஆளும் படிக்க வேண்டிய ஒண்டு. கெட்ட செய்தி சொல்லுறதுக்கு 2000ல ஸ்பைக்ஸ் எண்டு ஒரு முறை வந்திச்சு, ஆறு படி, இப்ப டொக்டர்மாருக்குப் படிப்பிக்கிற. அதுல வாயத் திறந்து செய்தி சொல்லுறதுக்கு முன்னால ஒரு படி இரிக்கு, நோயாளி எவ்வளவு தெரிஞ்சுகொள்ள விரும்புறார் எண்டு அவரிட்டயே கேக்கிற. அவர் அதக் கேக்காமலே உங்கட கையில தந்திட்டார்.

இன்னொண்டு, இத நான் கடிதத்த மூணாந்தரம் படிக்கக்குள்ளதான் யோசிச்சன். தம்பியோட கதைக்கிறதுக்குச் சாகப் போறார் எண்டு ஆரும் சொல்லியாகணுமா? "தம்பியக் கூப்பிடச் சொல்லட்டா ஐயா?" இதுல கேன்சரும் இல்ல, ஈரலும் இல்ல. மகனுக்குப் போனப் போட்டு "அப்பா தம்பியத் தேடுறார்" எண்டா மகன் விளங்கியிருப்பான். வயலும் அப்பிடித்தான், சுகமா இருக்கிற மனிசனும் உறுதி முடிக்கிறதுதானே. அவருக்கு வேணுமெண்டு இருந்தது நோய்ட பேரில்ல.

எங்கட ஊருல மறைக்கிறது அன்பாலதான், அத நான் குறை சொல்லல்ல. ஆனா 32 வருசத்துல நான் கண்டது, மறைக்கிறது கூடுதலா புள்ளையள்ர மனசத் தாங்குறதுக்குத்தான், படுத்திருக்கிறவருக்கு ஏற்கனவே தெரியும். வயல்காரருக்கு எந்தப் பயிர் எழும்பும் எந்தப் பயிர் எழும்பாது எண்டு தெரியாதா?

ரத்தம் எடுத்தது. இதுக்கு ஒரு கேள்விய மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்க: "சேர், இந்த ரிப்போட் வந்தா நாங்க ட்ரீட்மென்ட்ல என்னத்த மாத்துவம்?" மரியாதையாக் கேளுங்க, சண்டை மாதிரி இல்ல, உண்மையாத் தெரிஞ்சுகொள்ளக் கேக்கிற மாதிரி. பாதி நேரம் ஹவுஸ் ஒபிசர் பொடியன் தலையச் சொறிஞ்சிட்டு "ஓம் மிஸ், தேவையில்ல, நிப்பாட்டுங்க" எண்டிருவான், ஏனெண்டா முதல் நாள் எழுதினத ஆரும் வெட்டல்ல, அவ்வளவுதான் காரணம். மத்தப் பாதி நேரம் ஏச்சு விழும். விழட்டும். டொக்டரிட்ட எப்பிடிக் கதைக்கிற எண்டு பயமெண்டா எஸ்பார் எண்டு ஒரு ஒழுங்கு இரிக்கு, நிலைமை, பின்னணி, நான் என்ன நினைக்கன், என்ன வேணும், இந்த வரிசையில நாலு வசனம். அமெரிக்க நேவியில அணு நீர்மூழ்கிக் கப்பல்காரர் வைச்சிருந்ததாம், பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தது. நீர்மூழ்கிக் கப்பல்லயும் கப்டனுக்குப் பயந்து கீழ இருக்கிறவன் வாயத் திறக்காட்டி எல்லாரும் தாழ வேண்டியதுதானே.

இப்ப என்ட கதை ஒண்டு. தொண்ணூறுகள்ல, ஒரு ஆஸ்பத்திரி, பேர் வேணா. கலியாணம் கட்டின சின்ன வயசுப் புள்ள ஒண்டு கை முறிஞ்சு வந்திச்சு, டிக்கட்ல "மாமரத்துல இருந்து விழுந்தது". டிரெசிங் மாத்தக்குள்ள எனக்கிட்ட மெல்லச் சொல்லிச்சு, மரமில்ல மிஸ்ஸி, அவர் எண்டு. புருசன்காரன் கதவடியில நிக்கிறார். நான் டொக்டரிட்டச் சொன்னன், "அது குடும்ப விசயம், எங்களுக்கெதுக்கு" எண்டார். அண்டைக்கு சிஸ்டரா இருந்தவங்களிட்டயும் சொன்னன், அவங்களும் பெருமூச்சு விட்டாங்க. நான் வாயப் பொத்திட்டன். கை கட்டி வீட்ட அனுப்பினம். எட்டு மாசத்துல அதே புள்ள எரிகாயத்தோட வந்திச்சு, அந்தத் தரம் எனக்கிட்ட ஒண்டும் சொல்லல்ல, என்ட முகத்தப் பாத்திட்டு மத்தப் பக்கம் திரும்பிப் படுத்திச்சு. உயிர் தப்பினது. எனக்கு அந்தத் திரும்பிப் படுத்ததுதான் இண்டைக்கும் கிடக்கு.

நான் கனகாலம் இது முழுக்க என்ட பிழை எண்டு நினைச்சன். மறுகா கொஞ்சக் காலம் என்னில ஒண்டுமே இல்ல, டொக்டர்ர பிழை எண்டு நினைச்சன். ரெண்டும் தூங்க விடல்ல. கடைசியில ஒரு நாள் கொப்பி எடுத்துப் பங்கு பிரிச்சன், சீதனக் காணி பிரிக்கிற மாதிரி. புருசன்காரன்ட பங்கு. டொக்டர்ர பங்கு. ஆஸ்பத்திரியில போய்ச் சொல்ல ஒரு இடமுமில்லாத பங்கு, நாட்டுல சட்டமில்லாத பங்கு. என்ட பங்கு, ரெண்டாந்தரம் கேக்காம விட்டது, அந்தப் புள்ளைட்ட "நான் நம்புறன்" எண்டு ஒரு சொல் சொல்லாம விட்டது. என்ட பங்கு சின்னனா இருந்திச்சு, ஆனா அது என்ட பங்குதான். பிறகு 2005ல வீட்டு வன்முறைச் சட்டம் வந்திச்சு, அரசாங்க ஆஸ்பத்திரிகள்ல மித்துறு பியச எண்டு, தமிழ்ல நட்பு நிலையம், வீட்டுல அடிபட்டு வாற பொம்பிளையளுக்கு உதவுற இடங்கள் வந்திச்சு. அதுகள் வானத்துல இருந்து விழல்ல, என்னப் போல மிச்சம் தூக்கிட்டுத் திரிஞ்ச ஆரோ பல பேர் சரியான விலாசத்துக்குக் கொண்டு போயிருக்காங்க. பென்சன் எடுக்கிற வரைக்கும் என்ட வாட்டில அந்த மாதிரி வந்த ஒரு புள்ளையையும் நான் அந்த இடத்துக்கு அனுப்பாம வீட்ட விட்டதில்ல.

நீங்களும் பிரிச்சுப் பாருங்க. 40 பேருக்கு ரெண்டு மிஸ்ஸி எண்டது உங்கட பங்கில்ல, அது கொழும்புல ஆள் நியமிக்கிறவங்கட பங்கு. சொல்ல வேணா எண்டது புள்ளையள்ர பங்கு, அதுக்குச் சரி எண்டிட்டு ஒருக்காவும் ஐயாட்ட வந்து இருக்காதது டொக்டர்ர பங்கு. உங்கட பங்கு அந்த ஒரு வசனமும் அடுத்த கட்டிலுக்கு நடந்த நடையும். அவ்வளவுதான். அத மட்டும் வைச்சுக்கொள்ளுங்க, மத்தத உரிய ஆளிட்டக் குடுங்க.

குடுக்கிற எண்டா எப்பிடி? அமெரிக்காவுல தீவிர சிகிச்சைத் தாதிமார்ர சங்கம் 2004ல நாலு படி ஒண்டு போட்டது, கேள், உறுதிப்படுத்து, அளந்து பார், செய். கேட்க நல்லாத்தான் இரிக்கு, ஆனா அங்க ஒழுக்கவியல் குழு எண்டு ஒண்டு ஆஸ்பத்திரிக்குள்ளயே இரிக்கு, எங்களுக்கு இருக்கிறது டீ ரூம். பரவாயில்ல, டீ ரூமையே பாவியுங்க. ஆரும் செத்த பிறகு, சிஸ்டரோட பத்து நிமிசம், கூட டியூட்டி பாத்த ஆளோட, "இந்த ஐயாட விசயத்துல எனக்கு மனசு சரியில்ல" எண்டு தொடங்குங்க. நீங்க நினைக்கிற மாதிரி நீங்க மட்டுமில்ல, அந்த நாலு ஊசி குத்தினதப் பாத்திட்டிருந்த அட்டெண்டன் அக்காவும் வீட்ட போய்ச் சோறு தின்னாம இருந்திருப்பா. உங்கட சிஸ்டர் மூஞ்சியத் திருப்புற ஆளெண்டா மேட்ரன், அதுவும் இல்லாட்டி உங்கட பட்ச் கூட்டாளி ஒராள். பேஸ்புக்குல மட்டும் போடாதீங்க. தாபன விதிக்கோவை அரச ஊழியர வெளியில கதைக்க விடாது எண்டது ஒரு பக்கம், அதவிட அந்த ஐயாட கதை அவர்ர குடும்பத்துக்குச் சொந்தம். (நான் இஞ்ச இவ்வளவு மாத்தி எழுதுறதும் அதுக்காகத்தான்.)

சரிவர மாட்டனா எண்டு கேட்டீங்க. நாலு தரம் குத்தினத எண்ணி வைச்சிருக்கிறவளுக்குத்தான் நான் என்ட கையக் குடுப்பன். எண்ணாதவள் எத்தினையோ பேரோட டியூட்டி பாத்திரிக்கன். ஆனா நித்திரை ஒரேயடியா இல்லாம, டியூட்டிக்கு வெளிக்கிடவே ஏலாம, செத்திரலாம் எண்டு ஒரு நினைப்பு எட்டிப் பாத்தா அத வைச்சுக்கொண்டு இருக்க வேணா, ஆஸ்பத்திரி மனநல டொக்டரப் போய்ப் பாருங்க, ராவு எண்டா 1926க்கு அடியுங்க, அது தேசிய மனநல நிறுவனத்துட நம்பர், எந்த நேரமும் எடுப்பாங்க. மிஸ்ஸி எண்டு சொல்லி வெக்கப்பட வேணா.

கேள்வி: சிஸ்டர், அஸ்ஸலாமு அலைக்கும். நான் அம்பாறை மாவட்டத்துக் கடற்கரைப் பக்கம், வேலை செய்யிறது சிங்களம் கதைக்கிற ஆக்கள் கூட இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியில. தமிழ் தெரிஞ்ச மிஸ் நான் ஒராள்தான் அந்த ஷிப்ட்ல, அதனால எல்லாத்துக்கும் என்னத்தான் கூப்பிடுவாங்க. ஒரு தங்கச்சி, 33 வயசு, ஒரு புள்ளை, ஒப்பரேசனுக்கு முதல் நாள். டொக்டர் சிங்களத்துல கட கடவெண்டு சொன்னார், நான் வேற ஒரு நோயாளிக்கு சேலைன் போட்டிட்டிருந்த கையோட ஓடி வந்து "கட்டி இரிக்காம், எடுக்கப் போறாங்களாம், சைன் வையுங்க" எண்டன். சம்மதப் போமும் சிங்களம். அந்தத் தங்கச்சி வைச்சிச்சு. கர்ப்பப்பையையும் சேத்து எடுக்கிற எண்டு டொக்டர் சொன்னது எனக்குக் கேட்டது, ஆனா நான் அதச் சொன்னனா இல்லையா எண்டு அந்த நேரம் யோசிக்கவும் இல்ல. ரெண்டாம் நாள் எனக்கிட்டக் கேக்குது, "மிஸ், அடுத்த புள்ளைக்கு எத்தின மாசம் பொறுக்கணும்?" நான் தலையாட்டிட்டு வெளியில வந்து டொய்லட்டுக்குள்ள நிண்டு அழுத. இன்னும் வாட்டிலதான் இரிக்கு அந்தத் தங்கச்சி. நான் என்ன செய்யிற?

பதில்: வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. இதழ் வரக்குள்ள அந்தப் புள்ள வீட்ட போயிரும் எண்டு உங்கட கடிதத்துக்கு நேராவே பதில் அனுப்பிட்டன், இஞ்ச போடுறது மத்த ஆக்களுக்காக.

முதல் கடிதத்துல ஐயா போயிட்டார். இது வேற, இது இன்னும் முடியல்ல. அந்தப் புள்ளைக்கு நடந்தத ஆரோ சொல்லத்தான் வேணும், அது நீங்க தனிய இல்ல. கொன்சல்டனிட்டப் போய் நேரா "சேர், கர்ப்பப்பை எடுக்கிறது அவங்களுக்கு விளங்கல்ல, நான் மொழிபெயர்த்ததுல அது விடுபட்டிட்டு, அடுத்த புள்ளையப் பத்திக் கேக்கிறாங்க" எண்டு சொல்லுங்க, சிஸ்டரையும் கூட்டிட்டுப் போங்க. உங்கட பங்க நீங்களே முதல்ல சொல்லுறது கஷ்டம், தெரியும். ஆனா அதச் சொன்னா மத்தப் பங்கையும் சொல்ல உங்களுக்கு வாய் இரிக்கும். பிறகு டொக்டர் அந்தப் புள்ளைக்குச் சொல்லட்டும், புருசனையோ உம்மாவையோ, அந்தப் புள்ள ஆரக் கேக்குதோ அவங்களையும் வைச்சு. நீங்க பக்கத்துல இருந்து ஒவ்வொரு வசனமாத் தமிழ்ல சொல்லுங்க, இந்தத் தரம் கையில சேலைன் இல்லாம, கதிரையில இருந்து.

மறுகா மத்த விலாசம். கையெழுத்து எண்டது சம்மதமில்ல, விளங்கினாத்தான் சம்மதம். விளங்கப்படுத்துறது ஒப்பரேசன் செய்யிறவர்ர கடமை, மிஸ்ஸிட கூடுதல் வேலை இல்ல. தமிழும் இந்த நாட்டுல அரசகரும மொழி, 1987ல 13ஆவது திருத்தத்துல வந்திச்சு, நிர்வாகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் 1988ல 16ஆவது திருத்தம் விரிச்சுப் போட்டிச்சு. அதனால தமிழ்ல ஒரு போம் கேக்கிறது ஆரிட்டயும் கையேந்துற அலுவல் இல்ல. உங்கட மேட்ரனுக்கு ஒரு கடிதம் எழுதுங்க, சம்பவத்தச் சொல்லி, தமிழ்ல சம்மதப் போம் வேணும், மொழிபெயர்க்கக்குள்ள அந்த மிஸ்ஸிக்கு வேற வேலை இருக்கக் கூடாது எண்டு ரெண்டே ரெண்டு விசயம் கேட்டு. கொப்பி ஒண்டு உங்களிட்டயும் வையுங்க.

அதுவரைக்கும் ஒரு பழக்கம்: மொழிபெயர்த்து முடிஞ்ச உடனே "விளங்கிச்சா?" எண்டு கேக்காதீங்க, எங்கட ஆக்கள் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க, வெள்ளைக் கோட்டுக்கு முன்னால இல்ல எண்டு ஆர் சொல்லுற? "வீட்ட போனா உம்மாட்ட என்ன ஒப்பரேசன் எண்டு சொல்லுவீங்க, எனக்கு ஒருக்காச் சொல்லுங்க" எண்டு கேளுங்க. அந்தப் புள்ள "கட்டி எடுக்காங்க" எண்டு மட்டும் சொல்லியிருந்தா அண்டைக்கே பிடிபட்டிருக்கும். ஒரு நிமிசம்தான் செல்லும்.

கேள்வி: அம்மா, நான் கல்முனைப் பக்கம், படிப்பிக்கிறன். மனைவி மிஸ்ஸி. 2022ல மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் தொடங்கினது, நைட் முடிஞ்சு வந்தா கிணத்தடியில ஒரு மணித்தியாலம் சும்மா இருப்பா, கேட்டா "ஒண்டுமில்ல" எண்டுவா. அப்ப சொந்தக் காசுல நோயாளிக்கு ஊசி வாங்கிக் குடுத்திட்டு வருவா, பிறகு வாங்கிக் குடுக்க ஏலாத ஆள நினைச்சு அழுவா. இப்ப மருந்து கொஞ்சம் பரவாயில்ல எண்டாலும் ஆள் பழைய ஆள் இல்ல. வேலைய விடு எண்டா சண்டை வருது. நான் என்னத்தச் சொல்லுற?

பதில்: தம்பி, முதல்ல "வேலைய விடு"வ விடுங்க. அவக்குக் கேக்கிறது "நீ பட்டது வீண்" எண்டுதான். "இதெல்லாம் யோசிக்காத"வும் வேணா, யோசிக்காம இருக்க ஏலும் எண்டா கிணத்தடியில இருக்க மாட்டா.

2022 எங்கட மிஸ்ஸிமார் எல்லாருக்கும் விழுந்த அடி. அந்த வருசம் மார்ச்சில பேராதனைப் போதனா வைத்தியசாலையே மருந்தில்லாம வழமையான ஒப்பரேசன்கள நிப்பாட்டினது, எங்கட பக்கத்து ஆஸ்பத்திரி எம்மாத்திரம். துண்டுல எழுதி "வெளியில வாங்கிட்டு வாங்க" எண்டு ஏழையிட கையில குடுக்கிறது எந்தப் படிப்புலயும் இல்லாத வேலை. ஒரு ஆளுக்கு வாங்கிக் குடுத்தா பக்கத்துக் கட்டில் பாக்கும், அதான் அவட அழுகை. நாட்டுட கடன அவட பேர்ஸால அடைக்க ஏலா எண்டு அவக்கும் தெரியும், தெரிஞ்சும் நோகுது.

நீங்க செய்யக் கூடியது சின்னச் சின்ன வேலைதான். அவ கிணத்தடியில இருக்கிற ஒரு மணித்தியாலத்த அவக்கே விடுங்க, அதுக்குள்ள புள்ளைய ஸ்கூலுக்கு வெளிக்கிடுத்துங்க, பிளேன்டி ஒண்டு ஊத்தி பக்கத்துல வைச்சிட்டுப் போங்க. கேக்கிறதெண்டா "என்ன நடந்த" எண்டு கேக்காம, "இண்டைக்கு என்னத்தச் செய்ய ஏலாமப் போச்சு?" எண்டு கேட்டுப் பாருங்க. வாத்தியார்மாருக்கு ஒரு பழக்கம், கேள்வி கேட்டா விடையும் சொல்லிக் குடுத்திருவீங்க. இதுக்கு விடை சொல்ல வேணா. சாப்பாடு நித்திரை ரெண்டும் கெட்டுக் கிழமைக் கணக்காப் போனா, முதல் பதில்ல சொன்ன இடங்கள் மிஸ்ஸிட புருசனுக்கும் பொருந்தும், நீங்களே 1926க்கு அடிச்சு எப்பிடிக் கூட்டிட்டுப் போற எண்டு கேக்கலாம்.

கேள்வி: சிஸ்டர், நான் நர்சிங் கடைசி வருசம். எங்கட சீனியர் அக்காமார் பாதிப்பேர் இங்கிலாந்து, குவைத் எண்டு அப்ளை பண்ணிட்டாங்க. வாட்டில நடக்கிறதப் பாத்தா எனக்கும் இஞ்ச மனச்சாட்சியோட வேலை செய்ய ஏலாது எண்டு தெரியுது. வெளிநாட்டுல வசதி இரிக்குத்தானே, அங்க போனா இந்தப் பிரச்சினை இருக்காதுதானே?

பதில்: மகள், மேல சொன்ன ஆண்ட்ரூ ஜேம்ட்டன் எந்த ஊர்? எப்ஸ்டீன் எந்த ஊர்? சீனா சோமாலியா இல்ல, அமெரிக்கா. மருந்தும் மெஷினும் நிறைஞ்சு கிடக்கிற இடத்துலதான் இந்த நோவுக்குப் பேரே வைச்சாங்க. எங்களுக்கு இல்லாததால நோகுது, அங்க இருக்கிறதால நோகும்: சாகப் போற ஆள விட மாட்டாங்க, குழாய்க்கு மேல குழாய், குடும்பம் நிப்பாட்டாதீங்க எண்டு நிக்கும், மிஸ்ஸிதான் திருப்பித் திருப்பிப் படுக்க வைக்கணும். எப்ஸ்டீனும் கூட்டாளிகளும் 2019ல இந்த நோவ அளக்கிறதுக்கு ஒரு கேள்வித்தாள் போட்டாங்க, 27 விசயம். அதுல ஒண்டு, பாதுகாப்பாப் பாக்க ஏலாத அளவுக்குக் கூடுதலான நோயாளிகளப் பாக்கச் சொல்லுற. எங்கட வாட்டப் பாத்து எழுதின மாதிரி இரிக்கு, இல்லையா? கடைசியில இன்னொரு கேள்வியும் கேக்காங்க, இந்த நோவால எப்பவாவது வேலைய விட்டீங்களா, விட யோசிச்சீங்களா எண்டு. நீங்க வேலைக்கு வர முதலே அதுக்கு ஓம் எண்டு போட்டிட்டீங்க.

போக வேணா எண்டு சொல்லல்ல. வீட்டுக் கடன், தங்கச்சிமார்ர கலியாணம், நல்ல சம்பளம் எண்டு போங்க, அது மரியாதையான காரணம், அதச் சொல்லிட்டே போங்க. மனச்சாட்சிக்காகப் போறன் எண்டு மட்டும் பெட்டி கட்டாதீங்க, அத ஏயார்போட்ல இறக்கி வைக்க விட மாட்டாங்க. அதுக்கு முதல் இஞ்ச ஒரு வருசமாவது வேலை செய்யுங்க, தமிழ்ல ஏச்சு வாங்கினாத்தான் இங்கிலீசுல வாயத் திறக்க வரும்.

போய்ச் சேர்ந்தா எனக்கு ஒரு கடிதம் போடுங்க. அங்க நைட்டுக்கு ஒரு வாட்டுல எத்தின மிஸ்ஸி நிக்கிற எண்டு எண்ணிப் பாத்து எழுதுங்க, எனக்கு அது மட்டும் தெரியணும்.